பிக்கப்புக்குப் புது வீல், புது டயர்: எந்தக் காற்றழுத்த சென்சார்?

பெரிய டயரும் புது அலாய் வீலும் வாங்குகிறவர்கள் அகலம், ஆஃப்செட், ட்ரெட் என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். ஒவ்வொரு வீலுக்குள்ளும் இருந்து காற்றழுத்தத்தை வண்டிக்கு ரேடியோவில் சொல்லும் சென்சாரின் பேச்சு எழுவது, டயர் கடையில் பழைய வீலை இறக்கிய பிறகுதான். "பழசையே மாத்திடலாமா, புதுசு போடணுமா?" என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அடுத்த வாரம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிராண்டு என்பது மூன்றாவது கேள்வி. பழைய சென்சாருக்கு வயது என்ன, உங்கள் வண்டி புது சென்சாரை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்ற இரண்டும்தான் முன்னால் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொண்டு மேலே போகலாம். சில வண்டிகளில் வீலுக்குள் சென்சாரே இருக்காது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சுருங்கி, அந்த வீல் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் அமைப்பு அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். உங்களுடையது அந்த ரகம் என்றால் வாங்க வேண்டியது எதுவும் இல்லை, புது டயருக்கு ரீசெட் செய்தால் போதும். மற்றவர்களுக்குத்தான் கீழே வருவது.

பழையதையே மாற்றிப் போடுவது

செலவு குறைவு, வண்டிக்கு ஏற்கெனவே தெரிந்த ஐடி (ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள அடையாள எண்), மறுபடி எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வண்டிக்கு மூன்று வயதுக்குள் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்.

சிக்கல் பேட்டரியில். சென்சாருக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். அதை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. ஓட்டத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து வருடம் வரும். ஏழு வயது சென்சாரைப் புது வீலில் மாட்டினால், அது சாகும் நாளில் டயரின் பீடை, அதாவது ரிம்மை இறுகப் பிடிக்கும் உள்விளிம்பை, மறுபடி உடைத்துப் பிரித்து, சென்சாரை மாற்றி, பேலன்சும் பார்க்க வேண்டும். ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரிசையாகப் போகும், நான்குக்கும் ஒரே வயதுதானே. சென்சாரில் மிச்சம்பிடித்த காசு கூலியில் போய்விடும்.

கழற்றும்போதே உடைவதும் உண்டு. வால்வு அலுமினியம் என்றால் வெளியே இருக்கும் நட்டு வருடக்கணக்கில் உப்பும் ஈரமும் பட்டு வெள்ளை பூத்து இறுகிப் போயிருக்கும். ஸ்பானரை வைத்துத் திருப்பினால் நட்டு அசையாது. வால்வுத் தண்டு முறுகி, மரையோடு துண்டாகக் கையில் வரும். பீடை உடைக்கிற இயந்திரத்தின் தகடு வால்வு இருக்கும் பக்கமாக அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் உடம்பே நொறுங்கிவிடும். விவரம் தெரிந்த ஆள் வால்வை விட்டுத் தள்ளித்தான் அழுத்துவார், ஆனால் எல்லாக் கடையிலும் அவரே இருப்பார் என்று சொல்ல முடியாது.

மாற்றிப் போடுவதாக முடிவு செய்தால் ரப்பர் வாஷர், நட்டு, வால்வு கோர் (தண்டுக்குள் காற்றை அடைக்கும் சிறு ஊசி), மூடி நான்கும் புதிதாக வரும் சர்வீஸ் கிட் கட்டாயம். அலுமினியத் தண்டுக்குள் நிக்கல் பூசிய கோர்தான் போக வேண்டும். சாதாரணப் பித்தளைக் கோரைப் போட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்துக்கொண்டு, பிறகு கழற்ற வேண்டி வந்தால் கோர் கழலாது.

கம்பெனிப் புதுசா, வெளிச் சந்தைச் சென்சாரா?

வண்டிக் கம்பெனியே தரும் புது சென்சாரில் தலைவலி குறைவு. ரேடியோ அலைவரிசையும் பேசும் முறையும் சரியாக இருக்கும். அமெரிக்க வண்டிகள் பலவற்றில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 433. இன்னொரு நாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கினால் சென்சார் நன்றாக இருந்தும் வண்டிக்குக் காது கேட்காது.

ஆனால் கம்பெனிச் சென்சாரின் வால்வுக் கோணம் கம்பெனி வீலுக்காக அளந்து செய்தது. வெளி வீல்களில் வால்வு ஓட்டையின் சரிவு மாறும், சுற்றியுள்ள உலோகத்தின் தடிமனும் மாறும். சென்சார் உடம்பு ரிம்மை ஒட்டிப் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், டயர் ஏற்றும்போது பீடு அதன்மேல் உரசும். கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் தண்டோடு வரும் வெளிச் சந்தைச் சென்சார்கள் ஜெயிக்கும் இடம் இது. எதுவுமே படியாத வீல் என்றால், ரிம்மின் நடுப்பள்ளத்தில் எஃகுப் பட்டையால் கட்டுகிற வகையும் இருக்கிறது. வேலை கூடுதல், ஆனால் வால்வோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வெளிச் சந்தையில் இப்போது பெரும்பாலும் ப்ரோகிராம் செய்யும் வகைதான். வெற்றாக வரும் சென்சாரில், கடைக்காரர் கருவியை வைத்து உங்கள் வண்டியின் மாடலுக்குரிய மொழியை ஏற்றிவிடுவார். ஆட்டெல் எம்எக்ஸ், ஷ்ரேடர் ஈஸி இரண்டும் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஆட்டெல் சென்சாரை எழுத ஆட்டெல் கருவியே வேண்டும். ஷ்ரேடரைப் பல கம்பெனிக் கருவிகளிலும் எழுதலாம். கையில் ஆட்டெல் கருவி இருந்தால் அதையே வாங்குங்கள். கடையை நம்பித்தான் எல்லாம் என்றால், எந்தக் கடையிலும் வேலை ஆகிற ஷ்ரேடர் பக்கம் சாய்வது நல்லது. தரத்தில் இரண்டுக்கும் இடையே சண்டை போடும் அளவுக்கு நான் எதுவும் பார்க்கவில்லை. பெயரே இல்லாத மலிவுச் செட் வேறு கதை. டயருக்குள் போய் உட்காரும் பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

குளோன் செய்யலாமா?

ப்ரோகிராம் செய்யும்போது இரண்டு வழி உண்டு. பழைய சென்சாரின் ஐடியை அப்படியே புதியதில் எழுதலாம், அல்லது புது ஐடி கொடுத்து வண்டிக்கு அறிமுகப்படுத்தலாம். குளோன் செய்தால் வண்டிக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கருவி வைத்து ஐடி எழுத வேண்டிய வண்டிகளுக்கு இது பெரிய வரம். டொயோட்டா பிக்கப் பலவற்றில் ஓபிடி துளை (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாக ஐடியை எழுதினால்தான் வண்டி ஏற்றுக்கொள்ளும். பனிக்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று வைத்திருப்பவர் வருடத்துக்கு இரண்டு முறை கடைக்கு அலைய வேண்டாம்.

ஒரு வில்லங்கம் மட்டும் உண்டு. கழற்றிய செட்டை டிரக்கின் பின்தட்டிலேயே ஏற்றிக்கொண்டு ஓட்டினால் ஒரே ஐடியில் இரண்டு சென்சார் பேசும். வண்டி எதை நம்பும்?

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு பிக்கப் வைத்திருப்பவர்களுக்குக் குளோன் அவ்வளவு அவசியமில்லை. புது ஐடிகளைக் கற்கும் நிலைக்கு வண்டியைக் கொண்டுபோய், ஓட்டுநர் பக்க முன் வீலில் தொடங்கி வலமாக ஒரு சுற்று வந்தால் முடிந்தது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் சென்சாரைப் பேசவைக்கும் சிறிய தூண்டு கருவியைப் பிடித்ததும் ஹார்ன் 'பீப்' என்று ஒரு தடவை அடிக்கும், அடுத்த வீலுக்குப் போகலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு இஎல்-50448 என்ற மலிவான கருவியே போதும். ராம், ஜீப் வண்டிகள் பலவற்றில் இதுகூட வேண்டாம், கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே பிடித்துக்கொள்ளும்.

வெளியே திருகும் மூடி வகை

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் சென்சார், கூடவே தனித் திரை. டயரைக் கழற்றவே வேண்டாம், பேட்டரியை நாமே மாற்றலாம். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் டிரக்கின் முதன்மை அமைப்பாக இதை வைக்க என் மனம் ஒப்பவில்லை. இது வால்வு கோரை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். ஆக, காற்றைத் தடுத்து நிறுத்துவது அந்தச் சின்ன மூடியின் ரப்பர் வளையம் மட்டும்தான். ரப்பர் வால்வில் மாட்டினால் வேகத்தில் அந்த எடை தண்டை ஆட்டி ஆட்டி அடியில் விரிசல் விடும். உலோகத் தண்டு இருந்தால் மட்டுமே மாட்ட வேண்டும். கல்லும் புதரும் உள்ள பாதையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிற மூடியை எண்ணிப் பார்த்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டியதுதான். இன்னொன்று, டாஷ்போர்டு விளக்கு இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உள்ளே சென்சார் இல்லையென்றால் அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

எந்தச் சென்சார் போட்டாலும் தீராதது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். டிரக்கை உயர்த்துகிறவர்கள் பொதுவாகக் கார் வகை டயரிலிருந்து எல்டி (லைட் டிரக்) வகைக்குத் தாவுகிறார்கள். பக்கச்சுவர் தடிமனான எல்டி டயர் அதே எடையைச் சுமக்கக் கூடுதல் அழுத்தம் கேட்கும். அதிகச் சுமைக்கான லோட் ரேஞ்ச் ஈ என்ற தர டயர் 80 பிஎஸ்ஐ வரை தாங்கும். ஆனால் வண்டியின் கணினிக்குக் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் எண்தான் வேதம். அமெரிக்க விதிப்படி அந்த எண்ணுக்கு 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஸ்டிக்கர் 35 என்றால் 26 பிஎஸ்ஐ சுமாருக்கு வந்தால்தான் வண்டி வாய் திறக்கும். உங்கள் புது டயருக்கு 45 தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 34க்கு இறங்கியபோதே எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். அங்கிருந்து 26 வரைக்கும் டயர் சூடேறிக்கொண்டே ஓடும், விளக்கு மட்டும் எரியாது.

எவ்வளவு உயர்ந்த சென்சார் வாங்கினாலும் இது மாறாது, ஏனென்றால் எச்சரிக்கை எல்லை சென்சாரில் இல்லை, வண்டியில் இருக்கிறது. ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன், ஜீப்பில் ஜேஸ்கேன் போன்ற மென்பொருளால் அந்த எல்லையை மாற்ற முடிகிறது. முடியாத வண்டிகளில் திரையில் தெரியும் எண்ணை நாமே பார்த்துப் பழக வேண்டும். எண் காட்டாமல் விளக்கு மட்டும் உள்ள வண்டியா? மேலே நான் குறை சொன்ன வெளி மூடி வகையை, உலோகத் தண்டோடு, உள் சென்சாருக்குத் துணையாக மாட்டலாம் என்று நானே சொல்வேன். எல்லையை நாம் விரும்பியபடி வைக்கலாமே. ஆனால் 80 பிஎஸ்ஐ வரை போகிறவர்கள் சென்சார், வால்வுத் தண்டு இரண்டுமே அந்த அழுத்தத்துக்கு ஏற்றவையா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சாதாரண ரப்பர் வால்வின் வரம்பு 65 பிஎஸ்ஐ.

அப்படியானால் எதைப் போடுவது? வண்டி புதிது, வீலும் ஒரே செட் என்றால் பழைய சென்சாரையே சர்வீஸ் கிட்டோடு புது வீலுக்கு மாற்றிப் போடுங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதா, உலோகத் தண்டுள்ள ப்ரோகிராம் வகையில் நான்கும் புதிதாகப் போடுங்கள். கம்பெனிச் சென்சாருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருப்பது, கம்பெனி வீலையே வேறு அளவில் வாங்கும்போது மட்டும்தான்.

டயர் ஏற்றும் முன் ஒவ்வொரு சென்சாரின் முகத்தில் அச்சிட்ட ஐடியையும் எந்த வீல் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். ப்ரோகிராம் வகையில் குளோன் செய்திருந்தால் அச்சில் உள்ளது செல்லாது, எழுதிய ஐடியைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டெப்னியிலும் சென்சார் உண்டா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். சில வண்டிகள் ஐந்தாவதையும் எண்ணும், அதன் பேட்டரிக்கும் மற்ற நான்கின் வயதுதான்.