ஒலி-ஒளிக் காட்சியா, ஊர்க்காரர் கூத்தா: இரண்டையும் நடத்திப் பார்த்ததில்

ராயபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகம் சார்பில் வடசென்னை வரலாற்றை இரண்டு வருடம் மேடையேற்றினோம். இரண்டு முறையும் ஆகஸ்டில், மெட்ராஸ் தினத்தை ஒட்டி, மூன்று மூன்று ராத்திரி, அதே விளையாட்டு மைதானத்தில். முதல் வருடம் தீம் பார்க்குகளில் போடுவது போன்ற ஒலி-ஒளிக் காட்சி: பதிவு செய்த குரல், புரொஜெக்டர், புகை, சுற்றிலும் ஸ்பீக்கர். இரண்டாம் வருடம் அதையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் பிள்ளைகளையே வைத்துக் கூத்துப் பாணியில் நாடகம். இப்போது பக்கத்துப் பேட்டைகளிலிருந்து எதைச் செய்யலாம் என்று கேட்டு வருகிறார்கள். கூத்தைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒலி-ஒளிக்கும் சில இடங்களில் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒலி-ஒளிக்குச் செலவு அதிகம், கூத்துக்கு அலைச்சல் அதிகம். மழை வந்தால் இரண்டும் நிற்கும். போலீஸ் அனுமதி, கழிப்பறை, நாற்காலி வாடகை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒலி-ஒளி ஜெயித்த இடம் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்த கதை. சுமார் 130 குண்டுகள், அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த சில நாட்களில் ஊரே காலியாகும் அளவுக்கு ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பயத்தில் பிறந்த சொல்தான். முதல் வருடம் மைதானத்துச் சுவர் முழுக்க நெருப்பைப் பாய்ச்சினார்கள். பின்னாலிருந்து ஸ்பீக்கர் அதிர்ந்தபோது சின்னப் பிள்ளைகள் அம்மாக்களின் மடியில் ஏறிக்கொண்டார்கள். அந்த அதிர்ச்சியைக் கூத்தில் எங்களால் கொண்டுவர முடியவில்லை. காலி எண்ணெய் டிரம்மையும் பறையையும் அடித்துப் பார்த்தோம், முதல் ராத்திரி எடுபடவில்லை. இரண்டாம் ராத்திரி சத்தத்தைக் குறைத்து, விளக்கை மொத்தமாக அணைத்துவிட்டு, ஒரு பெண்ணை மட்டும் கூட்டத்துக்குள் ஓடவிட்டோம். "துறைமுகம் எரியுதாமே, எங்க ஊட்டுக்காரர் அங்கதான் வேலைக்குப் போயிருக்காரு" என்று ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனாள். அதில் பயம் வந்தது. ஆனால் அது வேறு வகைப் பயம். குண்டு விழுந்த பயம் வேண்டும் என்றால் ஸ்பீக்கர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கும் ஒலி-ஒளிதான் தோது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் பார்த்திருப்பீர்கள், ஆங்கிலத்தில் ஒரு காட்சி, தமிழில் ஒரு காட்சி என்று நேரம் குறித்து ஓட்டி வந்தார்கள். சுற்றுலா வருபவருக்கு அந்த நிச்சயம் தேவை. இந்த வகைக் காட்சி தொடங்கியதே 1952-ல், பிரான்ஸின் ஷாம்போர் கோட்டையில். பழைய சுவர் அப்படியே நிற்கும், அதன் மேல் வெளிச்சமும் குரலும் மட்டும் நகரும். கட்டடம் கம்பீரமாக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு அப்படிக் கோட்டையோ மகாலோ கிடையாது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது, அதன் வாசலில் கூட்டம் போட முடியாது. கறுப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதில் மாடிப் பூங்காவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மற்றபடி வடசென்னையின் சரித்திரம் வேலை செய்த மனிதர்களிடம்தான் இருக்கிறது. நெசவாளி, வண்ணார், படகோட்டி, மில் தொழிலாளி. அவர்களைச் சுவரில் படமாக ஓட்டினால் நிழலாகத்தான் தெரிகிறார்கள்.

இதற்கு ஓர் உதாரணம். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் தள்ளி ஆழத்தில் நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். ஒலி-ஒளியில் இதைக் கம்ப்யூட்டர் படமாகப் போட்டார்கள், அழகாகவே இருந்தது. கூத்தில் படகே கிடையாது. ஆறு பையன்கள், ஆறு துடுப்பு, சுற்றிப் பிடித்த ஒரு தேர்வடம். துடுப்பு கொடுத்த காசிமேட்டு மீனவர் ஒருவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு மேடைக்கே ஏறிவிட்டார். "கையால வலிக்காதடா, இடுப்புல இருந்து வலி" என்று பையனின் இடுப்பைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். அன்றைக்கு ஆறு பேரும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தபோது, நடுவில் நின்ற பெண் உண்மையிலேயே தடுமாறி வடத்தைப் பிடித்துக்கொண்டாள். அதை அப்படியே காட்சியில் வைத்துக்கொண்டோம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு.

ஒலி-ஒளியில் பராமரிப்பு என்றால் எல்லோருக்கும் மிஷின்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்மைதான். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தாங்காது. மூன்று ராத்திரி வெளியில் நின்ற விளக்குத் தாங்கிகளில் அதற்குள் துரு பூத்திருந்தது. நிரந்தரமாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது கதையின் பராமரிப்பு. தப்பாகச் சொன்னதைத் திருத்த முடிகிறதா என்பது.

பெரம்பூர் பின்னி மில் கதை இல்லாமல் இங்கே சரித்திரம் கிடையாது. 1918 ஏப்ரல் 27-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், முன்னின்று சேர்த்தவர்களில் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அதில் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். அது சாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. முதல் வருடப் பதிவில் வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கருங்காலிகள் மில்லுக்குள் நுழைந்தார்கள்." எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் ராத்திரி முடிந்ததும் புளியந்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா என்னைத் தேடி வந்தார். "இன்னா தம்பி, கருங்காலின்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டுப் போயிட்ட. எங்க ஆயா ஊடு எரிஞ்சுதே, அத்த யாரு சொல்றது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. காட்சி நடத்தித் தந்தவர்களிடம் கேட்டோம். குரல் கொடுத்தவரைத் திரும்ப ஸ்டூடியோவுக்கு அழைக்க வேண்டும், இசையோடு மறுபடி கலக்க வேண்டும், விளக்கு நேரமெல்லாம் அந்தப் பதிவோடு பூட்டியிருக்கிறது, இரண்டு நாளில் நடக்காது என்றார்கள். அந்த வரியை மட்டும் அணைத்துவிடலாமா என்றால், இருட்டில் ஐந்து வினாடி மௌனம் விழும். அடுத்த இரண்டு ராத்திரியும் அதே வரி, அதே கம்பீரக் குரலில் ஓடியது. நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

இரண்டாம் வருடம் அந்த அம்மாவை ஒத்திகைக்கே அழைத்தோம். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது, அவர் பேசுவதை மொழிபெயர்த்துத்தான் தொழிலாளிகளுக்குச் சொன்னார்கள். அதனால் எங்கள் கூத்தில், கதையை நடத்திக்கொண்டு போகிற கட்டியங்காரனே மொழிபெயர்ப்பாளன். கானா பாடுகிற ஒரு தம்பிக்கு அந்த வேஷம். தலைவர்கள் பேசுவதையெல்லாம் தமிழாக்கிக்கொண்டே வந்தவன், 'கருங்காலி' என்ற சொல் வந்ததும் நின்றுவிடுவான். "இத்த நான் மாத்தி சொல்ல மாட்டேன். அவங்களையே கேளு" என்று திரையை விலக்குவான். எரிந்த வீட்டிலிருந்து பானையைத் தேடி எடுக்கிற பெண் அங்கே இருப்பாள். வேலைநிறுத்தக்காரர் வீட்டில் அடுப்பு எரியாத காட்சியும் அதற்குப் பக்கத்திலேயே. இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் மேடையில் வைத்தோம். முதல் ராத்திரிக்குப் பிறகு இன்னும் இரண்டு வசனம் மாறியது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லிக் கொடுத்தோம், ஏழு மணிக்கு மேடையில் வந்துவிட்டது.

கூத்துக்கும் பராமரிப்பு உண்டு, லேசானதில்லை. வாடியா வேஷம் போட்ட பையன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான், இந்த வருடம் இன்னொருவனுக்கு எல்லாம் முதலிலிருந்து. பெண் பிள்ளைகளை ஒன்பது மணிக்குள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் இந்தச் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். புரொஜெக்டர் பல்பு மாற்றினால் பல்புதான் மாறுகிறது. வாடியாவை மாற்றினால் இன்னொரு பையனுக்கு 1918 என்ன என்று தெரிகிறது. அவன் வீட்டில் கேட்கிறார்கள், தாத்தா பேசத் தொடங்குகிறார்.

பிரான்ஸில் புய் து ஃபூ என்ற வரலாற்றுத் தீம் பார்க்கைப் பற்றிப் பேசுபவர்கள் அங்குள்ள குதிரைகளையும் நெருப்பையும்தான் சொல்வார்கள். அதற்கு வேர், 1978-ல் தொடங்கிய சினெசெனி என்ற ராத்திரிக் காட்சி. பார்க் வந்ததே பதினோரு வருடம் கழித்துத்தான். அந்தக் காட்சியில் இன்றும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர்த் தொண்டர்கள் சம்பளமில்லாமல் நடிக்கிறார்கள். குரல் பதிவுதான், ஆனால் உடம்பு ஊர்க்காரர்களுடையது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. தொடங்கியவர் அரசியல்வாதி, பிரெஞ்சுப் புரட்சிக் காலக் கதையை ஒரு பக்கமாகவே சொல்கிறார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் விமர்சிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் நடித்தால் மட்டும் போதாது, வசனத்தைக் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஆறு ராத்திரிதான். தினமும் டிக்கெட் போட்டு நடத்துவது என்றால் தொண்டர்களை வைத்து ஓட்ட முடியாது, சம்பளம் வேண்டும். அப்போது இந்தக் கணக்கு மாறலாம். வி.ஜி.பி., எம்.ஜி.எம். தீம் பார்க்குகள், தட்சிணசித்ரா கலைக் கிராமம் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கின்றன. அப்படி ஒன்று வடக்கே வந்தால் ஒலி-ஒளியும் கூத்தும் கலந்துதான் வர வேண்டியிருக்கும். வரட்டும் என்றுதான் ஆசை. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைத் தியேட்டரில் நாடகக் கம்பெனிகள் ராத்திரி ராத்திரியாக ஆடிய பக்கம் இது.

கூத்தென்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. புகைக்கும் ஜிகினாவுக்கும் வைத்திருக்கும் பணத்தை மைக்குக்குத் திருப்பிவிடுங்கள். பரம்பரைக் கூத்துக்காரர்கள் உச்சக் குரலிலேயே பாடிப் பழகியவர்கள், திறந்த வெளியில் விடிய விடிய ஆடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வராது. கன்டெய்னர் லாரிகளின் ஹாரனோடு போட்டி போட்டு இரண்டாம் ராத்திரியே நாலு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டியங்காரனுக்கு மட்டுமாவது சட்டையில் குத்துகிற மைக் ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி இரண்டு. மைதானத்தில் எந்தப் பக்கம் லாரி போகிறதோ அந்தப் பக்கம் மேடையின் முதுகு இருக்கட்டும்.