வைரத்தோடா, மாலைதீவா?

பரந்தனில் இருக்கும் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் வருகிற ஆண்டு திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைகின்றன. கனடாவில் இருக்கும் மகன் ஒரு தொகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வைரத்தோடு வாங்குவதா, இருவரையும் ஐந்து நாள் மாலைதீவுக்கு அனுப்புவதா என்று என்னிடம் கேட்டான். இரண்டும் விளம்பரங்களில் மினுங்குகிற பொருள்கள். வயலும் மாடும் உள்ள ஒரு வன்னி வீட்டுக்குள் வந்தபின் அவை என்னவாகும் என்பதை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

வைரத்தின் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. உள்ளே புகும் ஒளி மேல்முகத்தாலேயே திரும்பி வருமாறு 57 அல்லது 58 பட்டைகள் தீட்டிய வட்டக் கல், மங்கலான குமிழ் வெளிச்சத்திலும் கண்ணை இழுக்கும். ஆனால் அது எங்கள் மரபில் ஊறிய பொருள் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். இலங்கை மண் நீலக்கல்லைத் தரும், வைரத்தைத் தராது. 'மாத்தறை வைரம்' என்று பெயர்பெற்றது உண்மையில் நிறமற்ற சேர்க்கோன் கல். வைரத்தை அழியாத அன்புக்கு அடையாளமாக்கிய புகழ்பெற்ற விளம்பர வாசகம், டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக 1947 இல் எழுதப்பட்டது. எங்கள் அப்பம்மாவின் கல்யாணத்தைவிட அதற்கு வயது குறைவு.

கடைக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தங்கத்தில் 22 கரட் என்பது தரம். வைரத்தில் கரட் என்பது நிறை. ஒரு கரட் 0.2 கிராம், ஆகவே எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணின் நிறை 40 கரட் ஆகிறது. அரைக் கரட் வட்டக் கல் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் அகலம், அதாவது ஒரு பயற்றை விடச் சற்றுப் பெரிது. அந்தப் பயற்றுக்குத்தான் மகன் மாதக்கணக்காகச் சேர்த்த பணம் போகும்.

இங்கே நகை அழகுக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை. பெரும்போகம் தொடங்கும்போது விதைக்கும் பசளைக்கும் அக்காவின் காப்பு அடகுக்காக வங்கிக்குப் போகும், அறுவடை முடிந்தபின் வீட்டுக்குத் திரும்பும். எத்தனையோ முறை நானே உடன்போயிருக்கிறேன். அடகுப் பிரிவில் உள்ளவர் நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் அமிலத்துளி விட்டுப் பார்த்துவிட்டுத் தராசில் வைப்பார்; கல் இருந்தால் அதன் நிறையைக் கழித்துவிடுவார். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வைரம் அந்த மேசையில் வெறும் கழிவு. கடையில் திருப்பி விற்றாலும் வாங்கிய விலை கிடைப்பது அரிது. போதாக்குறைக்கு, ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் சந்தைக்கு வந்துவிட்டது. அதுவும் கரிமமே, கண்ணால் பிரித்தறிய முடியாது. டி பியர்ஸே 2018 இல் அத்தகைய கல்லைக் கரட் 800 அமெரிக்க டொலருக்கு விற்கத் தொடங்கியது; விலைகள் சரிய, 2025 இல் அந்த வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்தது. இன்னொன்றும் உண்டு: வைரத்தில் எண்ணெய் எளிதில் ஒட்டும். தலைக்கு நாள்தோறும் தேங்காயெண்ணெய் வைப்பவரின் காதில் அது கழுவாமல் ஒளிராது.

இனி மாலைதீவு. கடல் எங்களுக்குப் புதிதல்ல. முல்லைத்தீவின் பெயரிலேயே தீவு இருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் நாங்கள் பார்ப்பது மீனவர் வாடியும் வலையும், நினைப்பது 2004 டிசம்பர் 26. அங்கே கதிரை போட்டுச் சாய்ந்திருப்பவரை ஊர் 'வேலையில்லாதவர்' என்றுதான் சொல்லும். எனவே அக்காவுக்கு அந்தத் தீவு விற்பது நீலக் கடலை அல்ல, அடுப்பில்லாத ஐந்து நாள்களை. செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "அங்க விடிய எழும்பித் தேத்தண்ணி ஆர் போடுறது?" என்பதே. வேறு ஒருவர் போடுவார் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

செலவு எவ்வளவு என்பது எங்கே தங்குவது என்பதைப் பொறுத்தது. 1972 இல் குரும்பா என்ற விடுதியோடு தொடங்கிய 'ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல்' முறையில், அறை வாடகையோடு விரைவுப் படகுக்கோ கடல் விமானத்துக்கோ தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். விளம்பரத்தில் அது சிறிய எழுத்தில் கிடக்கும். மாபுஷி போன்ற, மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் விடுதிகள் மிகவும் மலிவு. அங்கே மது விற்பதில்லை, பொதுக் கரையில் அடக்கமான உடை வேண்டும். அத்தானுக்கு இது சற்றுக் குறை, அக்காவுக்கு நிறைவு. காலையுணவும் அந்நியமாக இராது: சூரைமீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்த 'மஸ் ஹுனி', எங்கள் மாசிச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடப் பதிவும் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து தலைநகர் மாலேக்கு விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். பரந்தனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவுப் பஸ் அதைப்போல் பல மடங்கு.

தங்கம் ஓரளவு கையில் உள்ள வீடு என்பதால் நான் தீவின் பக்கம் நின்றேன். அடகுக்குத் தங்கமே இல்லாத வீடாக இருந்தால் இரண்டையும் தள்ளிவிட்டு, கல்லில்லாத 22 கரட் காப்பு ஒன்றை வாங்கச் சொல்லியிருப்பேன். மாலைதீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. வயலில் அறுவடை மார்ச்சுக்குள் முடிந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் தொடங்குமுன் ஓர் இடைவெளி கிடைக்கிறது. அது விலை கூடிய பருவந்தான், ஆனால் விவசாயிக்கு வேறு மாதம் இல்லை. மகன் சம்மதித்துவிட்டான். ஐந்து நாளும் மாட்டைப் பார்க்க ஆள் கிடைக்குமா என்று அத்தான் இப்போது அயலில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.