ஐம்பதுக்கு மேல் ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

இளமையைக் காக்கும் என்று சொல்லி விற்கிற மாத்திரை, பவுடர், கொலாஜன் பானம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு ஒரே ஒரு பொருளை வாங்கித் தரலாம் என்றால் நம் பரிந்துரை ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் ரப்பர் பட்டை. அதிலும் கைப்பிடி, கொக்கி, பை எல்லாம் சேர்ந்து வரும் டியூப் செட் வேண்டாம். பிசியோதெரபி அறைகளில் ரோலில் இருந்து வெட்டித் தருவார்களே, அந்தத் தட்டையான, நீளமான பட்டை போதும்.

வயதாக ஆகத் தசை குறைகிறது. அதிலும் சட்டென்று வேகமாக இயங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. கால் இடறும்போது விழாமல் தாங்கிக்கொள்வது, பாயிலிருந்து கையூன்றாமல் எழுவது, பஸ் படியில் ஏறுவது எல்லாம் அந்த நார்களின் வேலை. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் தசைதான். நூறு பெரியவர்களில் 14 பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமல்ல. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கையால் இறுக்கிப் பிடிக்கும் வலிமை ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. வயதாகிவிட்டதால் இனிப் பயனில்லை என்று விடவும் தேவையில்லை. அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்து 1990இல் வெளியிட்ட முடிவுகளில், அவர்களின் கால் வலிமை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது.

அது எடைப் பயிற்சி, ரப்பரால் அது முடியுமா என்று கேட்கலாம். ரப்பர் பட்டைப் பயிற்சியையும் ஜிம் எடைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த அலசலில், வலிமை கூடுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பட்டை ஏற்ற அளவில் இருக்க வேண்டும், இழுப்பும் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இந்த இரண்டிலும்தான்.

முதலில் அளவு. பட்டையின் இழுவிசை அது எத்தனை சென்டிமீட்டர் நீண்டது என்பதைப் பொறுத்ததல்ல. இருந்த நீளத்தைப்போல் எத்தனை மடங்கு நீண்டது என்பதைப் பொறுத்தது. ஒரு மீட்டர் பட்டையை இரண்டு மீட்டராக இழுத்தாலும், அரை மீட்டர் பட்டையை ஒரு மீட்டராக இழுத்தாலும் கையில் தெரியும் பாரம் ஒன்றே. அதனால் பட்டையைக் குட்டையாகப் பிடித்து அதே தூரம் இழுத்தால் பாரம் ஏறும். நீளமாக விட்டால் இறங்கும். மடித்து இரட்டையாகப் பிடித்து அதே மடங்கு நீட்டினால் பாரம் இருமடங்கு. இது புரிந்துவிட்டால் ஒரே பட்டையில் மூன்று நான்கு நிலைகளில் பயிற்சி செய்யலாம். கைப்பிடி பொருத்திய டியூபில் நீளம் மாறாது என்பதால் இந்த வசதி கிடையாது. நம் ஓட்டு தட்டைப் பட்டைக்கு விழுவது முக்கியமாக இதனால்தான்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. தெராபேண்ட் நிறுவனத்தின் பட்டைகளில் நீளத்தை இருமடங்காக்கும்போது கிடைக்கும் பாரம் மஞ்சளுக்கு 1.3 கிலோ, சிவப்புக்கு 1.7, பச்சைக்கு 2.1, நீலத்துக்கு 2.6, கறுப்புக்கு 3.3, வெள்ளி நிறத்துக்கு 4.6, தங்க நிறத்துக்கு 6.5. வேறு நிறுவனங்களில் நிற வரிசையே மாறும். ஒன்றின் பச்சை இன்னொன்றின் சிவப்பைவிட லேசாகவும் இருக்கலாம். டியூப் செட்டுகளின் மேல் 50 கிலோ, 70 கிலோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் எல்லா டியூபையும் ஒன்றாக மாட்டி, எட்டும் மட்டும் இழுத்தால் வரும் கணக்கு. அதை நம்பி அறுபது வயது அம்மாவுக்கு வாங்காதீர்கள்.

பயண லக்கேஜ் நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். பட்டையின் ஒரு முனையை மேஜைக் காலில் கட்டி, 50 சென்டிமீட்டர் தள்ளி பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் பட்டையைச் சுருக்கிட்டுக் கொக்கியில் மாட்டி, கோடு ஒரு மீட்டருக்கு வரும்வரை மெதுவாக இழுங்கள். தராசு காட்டுவதுதான் உங்கள் பட்டையின் உண்மையான அளவு. அப்படியே பத்து விநாடி பிடித்துவிட்டுத் தளர்த்திக் கோட்டைத் திரும்ப அளந்து பாருங்கள். நல்ல இயற்கை லேட்டக்ஸ் பழைய 50க்கே திரும்பும். 52, 53 என்று நின்றால் அந்தப் பட்டை சீக்கிரமே தொளதொளத்துவிடும். டிபிஇ என்ற செயற்கைப் பொருளில் செய்த மலிவுப் பட்டைகளில் இதைப் பார்க்கலாம். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் லேட்டக்ஸ் இல்லாத செயற்கைப் பட்டைதான் வழி. பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ தோல் தடிக்கிறவர்கள் லேட்டக்ஸைத் தொடவே வேண்டாம்.

நீளம் 2 மீட்டர் கேளுங்கள், 1.5 மீட்டர் குள்ளமானவர்களுக்குத்தான் போதும். அகலம் 12 முதல் 15 சென்டிமீட்டர். உள்ளூர்ப் பட்டைகள் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றன. இறக்குமதியானவை அதைவிடக் கூடுதல். மேலே சொன்ன சோதனையில் தேறினால் உள்ளூர்ப் பட்டையே தாராளமாகப் போதும். பழக்கமில்லாத பெண்களுக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை. ஆண்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம். தெராபேண்ட் கணக்கில் இந்த மூன்று மூன்று பட்டைகளே ஓர் ஆண்டுக்கு ஓடும்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. தொடையில் மாட்டும் சின்ன வளையங்கள் இடுப்புப் பக்கத் தசைக்கு நல்லவை, மற்றவற்றுக்கு அவ்வளவாக உதவாது. ரப்பர் வளையம் சுருண்டு தோலைக் கடிக்கும். துணி வளையம் நழுவாது, ஆனால் முதியவர்களுக்கு மிகவும் விறைப்பு. டியூப் அறுந்தால் பெரும்பாலும் கைப்பிடியோடு சேரும் இடத்தில்தான் அறும்; அந்த இடம் உறைக்குள் மறைந்திருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தட்டைப் பட்டையில் ஒரு கீறல் விழுந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்.

இனிப் பயன்படுத்தும் விதம். உட்கார்ந்து பின்னால் இழுக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கூன் விழுகிற முதுகுக்கு இதைவிட நல்லது இல்லை. பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, பட்டையின் நடுப்பகுதியை இரண்டு உள்ளங்காலின் வளைவிலும் கொடுத்து, ஒவ்வொரு பாதத்தையும் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சும்மா பாதத்தில் மாட்டி இழுத்தால் பட்டை நழுவி நேராக முகத்தில் அடிக்கும். கண்ணில் அடிபடுவது இப்படித்தான். மெட்டியைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சாக்ஸ் போட வேண்டும். மோதிரமும் வளையலும் நீண்ட நகமும் அப்படித்தான்: ரப்பரில் ஊசிமுனை அளவு கீறல் போட்டால் போதும், அடுத்த வாரம் அங்கேதான் அறும். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னால் கொண்டுபோக 2 விநாடி, தோள்பட்டை எலும்புகளை நெருக்கி 1 விநாடி நிறுத்தம், திரும்பி வர 3 முதல் 4 விநாடி. பலரும் இழுப்பதைக் கவனமாகச் செய்துவிட்டுத் திரும்பும்போது பட்டையைத் தன்போக்கில் விட்டுவிடுகிறார்கள். தசைக்குப் பாதிப் பயன் அந்தத் திரும்பும் பாதையில்தான் இருக்கிறது. இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் பிரஷர் சட்டென ஏறும்.

தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து கதவில் மாட்டி இழுக்கலாம். கதவு உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறப்பதாக இருக்க வேண்டும். அப்போது இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தோடு இறுகும். உங்கள் பக்கம் திறக்கும் கதவில் மாட்டினால் ஒருநாள் கதவே உங்கள் மேல் வரும். பட்டையைக் கதவிடுக்கில் பிடித்துவைக்கும் பட்டி (டோர் ஆங்கர்) கீல் இருக்கும் பக்கம் வரட்டும், தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள். ஜன்னல் கம்பியில் கட்டுவது நம் வீடுகளில் சகஜம். துருவும் பெயிண்ட் பிசிறும் பட்டையை அறுத்துவிடும் என்பதால் அது வேண்டாம்.

இதோடு பட்டையை அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றிக் கொடுத்து முன்னால் தள்ளுவது, பாதத்தில் மிதித்துக்கொண்டு கையை மடக்குவது, நாற்காலியில் அமர்ந்து பாதத்தில் சுற்றிக் காலை நீட்டித் தள்ளுவது. பட்டையில் செய்ய இந்த நான்கும் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 சுற்று, நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. வாரத்தில் 2 அல்லது 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். முப்பது முறை சிரமமில்லாமல் இழுக்க முடிகிற பட்டை வலிமையைப் பெரிதாகக் கூட்டாது. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் 15 முறை ஒழுங்காக வந்துவிட்டால் பட்டையைக் கொஞ்சம் குட்டையாகப் பிடியுங்கள்; அதுவும் லேசானால் அடுத்த நிறம். இருந்த நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எந்தப் பட்டையையும் இழுக்காதீர்கள்.

பட்டை கைவிடும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது கால். தன் உடம்பையே தூக்கிப் பழகிய தொடைக்கு 3 கிலோ இழுவிசை பெரிய வேலையே அல்ல. காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும், மாடிப்படியும்தான் மருந்து. எழுந்து உட்காருவது எளிதாகிவிட்டால் பட்டையை மிதித்து இரு முனையையும் தோளருகே பிடித்துக்கொண்டு எழலாம். இரண்டாவது எலும்பு. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் எட்டு மாதம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் அடர்த்தியைக் கூட்டியது, ஆளின் முழு வலிமையில் 85 சதவீதத்துக்கு மேலான பாரத்தைப் பயிற்றுநர் மேற்பார்வையில் தூக்கியதும், அதோடு குதித்து இறங்கியதும்தான். ரப்பரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது சமநிலை: 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாதத்தின் விரலை மறு பாதத்தின் குதிகால் தொட நேர்கோட்டில் நிற்பதற்குப் பட்டை தேவையில்லை, பிடித்துக்கொள்ள ஒரு மேஜை இருந்தால் போதும்.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க எடை மெஷினில் ஏற வேண்டாம். சுவரில் சாய்த்த நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைக் குறைவைச் சந்தேகிக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவு. தொடங்கும் நாளில் அளந்து குறித்துவைத்து, எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளக்கலாம்.

சாப்பாடு சரியில்லாமல் இதைச் செய்வது வீண். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். நான்கு இட்லியில் 8 கிராம் வருவதே பெரிது. இரண்டு முட்டை 12 கிராம், 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 10 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்கட்டும். பிரஷர் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் பட்டையைத் தொட வேண்டாம். கண்புரை அறுவை செய்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், முதுகெலும்பு நொறுங்கியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பராமரிப்பில் பட்டைக்கு முதல் எதிரி எண்ணெய். தேங்காய் எண்ணெய், மூட்டுவலித் தைலம், பாம் எது பட்டாலும் லேட்டக்ஸ் ஊறி வலுவிழக்கும். தைலம் தடவும் பழக்கம் உள்ளவர்கள் பயிற்சியை முடித்த பிறகு தடவட்டும், எண்ணெய்க் குளியல் நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுக்கட்டும். அடுத்த எதிரி வெயில்: மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்ட பட்டை வெடிப்பு விட்டுவிடும். வியர்வை பட்டால் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவிச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் இழுக்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்; வெண்கோடு, பிசுபிசுப்பு, ஓரத்தில் பல்போன்ற வெட்டு, இவற்றில் எது தெரிந்தாலும் ஒட்டுப்போட்டோ முடிச்சுப்போட்டோ ஓட்டாமல் புதுப் பட்டை வாங்கிவிடுங்கள்.