பென்டாசா குருணை: இரண்டு வருடம் சாப்பிட்டவள் சொல்கிறேன்

பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பள்ளி ஆசிரியை நான். ஒரு பீரியட் முழுக்க வகுப்பில் நிற்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் மருந்தை எடைபோடுவேன்.

முதலில் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் என்ற மருந்து, வேறொரு கம்பெனியின் மாத்திரையாக. ஒருநாள் அது மலத்தில் முழுசாக வெளியே வந்தது. அழுதேவிட்டேன். "வெறும் கூடாகவும் இருக்கலாம்மா. ஆனா பேதி வேகமா போறப்ப கரைய நேரமில்லாமலும் போகும்" என்றார் டாக்டர். பென்டாசா குருணைக்கு மாற்றினார். மருந்து அதே மெசலமைன்தான்.

மெசலமைனை வெறுமனே விழுங்கினால் சிறுகுடலின் மேல்பகுதியே பெரும்பாலும் உறிஞ்சிவிடும், புண் வரைக்கும் போகாது. அதனால் மேலே இருக்கும் பூச்சுதான் முக்கியம். என் பழைய மாத்திரையின் பூச்சு, குடலில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 7 வரும் இடத்தில்தான் கரையும். பென்டாசாவிலோ ஒவ்வொரு குருணைக்கும் எத்தில்செல்லுலோஸ் என்ற பொருளால் பூச்சு. சிறுகுடலில் தொடங்கிப் பெருங்குடல் வரை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே போகும். நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிக்க வேண்டும், கடிக்கக் கூடாது. பல்லிடுக்கில் மாட்டிக்கொள்வது தொல்லைதான். ஆனால் எனக்கு இரண்டு மாதத்தில் ரத்தம் நின்றது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய அவ்வப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கச் சொல்கிறார்கள், தவறாமல் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், "அத்தை, நானோ மருந்து வந்திருக்காம்" என்று அண்ணன் மகன் போன் செய்தான். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்; அந்த அளவில் நுண்ணிய துகள்களாக்கிய மருந்து இது. ஆசையோடு தேடிப் படித்தேன். 2001இல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பெரிய துகள்களைவிட 100 நானோமீட்டர் துகள்களே வீங்கிய குடல் சுவரில் அதிகம் ஒட்டியிருக்கின்றன. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் இஞ்சிச் சாற்றை அதிவேகமாகச் சுழற்றி, சுமார் 230 நானோமீட்டர் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். அதை வாய்வழியாகக் கொடுத்ததும் சுண்டெலிகளின் குடல் அழற்சி குறைந்தது என்று 2016இல் எழுதியிருக்கிறார்கள். நம் அடுப்படி இஞ்சிதான்! ஆனால் வீட்டில் சாறு பிழிந்து குடிப்பதும் இதுவும் ஒன்றல்ல.

புண் இருக்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டும் மருந்து சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். அதுவரை, லேபிளில் 'நானோ' என்று போட்டு விற்கும் பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் பழக்கமான ஒரு அக்கா அப்படி நிறுத்தி, மறுபடி ரத்தம் போய், இப்போது ஸ்டீராய்டில் இருக்கிறார். நான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குருணையைக் கொட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.