குராரே ஒய்பி-50எஃப்: உப்பை இழுக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரி

ஜப்பானின் குராரே நிறுவனம் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியில் கிளர்வூட்டி எடுக்கும் தூள் இது. மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டருக்கென்று வந்தது. ஆனால் மின்சாரத்தால் தண்ணீரின் உப்பைப் பிடிக்கும் சிடிஐ செல் செய்பவர்கள் ஒப்பீட்டுக்கு எடுக்கும் கரிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. கிராமுக்குச் சுமார் 1,600 சதுர மீட்டர் பரப்பு. துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. பரப்பு இதைவிடக் கூடிய கரிகள் கிடைக்கின்றன. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: அயனி (நீரில் கரைந்த உப்பின் மின்னேற்றத் துகள்) நுழைய முடியாத துளையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

1.2 வோல்ட்டில், இரு மின்முனைகளின் கரியையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவில் உப்பு பிடிபடும். 10 லிட்டர் தண்ணீரை லிட்டருக்கு 1,000 மில்லிகிராமிலிருந்து 500க்கு இறக்க 5 கிராம் உப்பு வெளியேற வேண்டும். ஒரே சுற்றில் முடிக்க அரைக் கிலோ கரி தேவை. கடல்நீருக்கு இது கட்டுப்படியாகாது. உவர்க் கிணற்றுநீருக்குத்தான் ஏற்றது.

மின்முனைக்குக் கரி 8 கிராம், மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாக் 1, தூளை ஒட்டவைக்கும் பைண்டரான பிவிடிஎஃப் 1 என்ற விகிதம் போதும். பிவிடிஎஃப்பை முதலில் என்எம்பி கரைப்பானில் முழுதாகக் கரைத்துவிட்டு, 120 டிகிரியில் உலர்த்திய கரியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இரவு முழுக்கக் கலக்குங்கள். கரியில் ஈரம் இருந்தால் பைண்டர் திரிந்து கட்டி தட்டும். கிராஃபைட் தாளில் பூசியதும் நேராக அதிக சூட்டில் வைத்தால் பூச்சு வெடிக்கும். மெதுவாக உலர்த்தி, கடைசியில் வெற்றிட அடுப்பில் 80 டிகிரி. என்எம்பி கருவைப் பாதிக்கக்கூடிய பொருள். கையுறையும் புகைபோக்கிக் கூண்டும் இல்லாமல் தொடவே வேண்டாம். பைண்டரைக் கூட்டினால் பூச்சு உதிராது, ஆனால் துளை அடைபடும், தண்ணீரும் ஒட்டாது.

பெரிய குறை ஆயுள். நேர்மின்முனைக் கரி நாளடைவில் ஆக்ஸிஜனேற்றமடைந்து மேற்பரப்பில் எதிர்மின் தொகுதிகள் சேரும். அறிகுறி தெளிவானது: மின்னழுத்தம் கொடுத்ததும் வெளிவரும் நீரின் கடத்துதிறன் இறங்குவதற்குப் பதில் முதலில் ஏறும். இது கரிகளுக்குப் பொதுவான நோய். இந்தத் தூளும் விலக்கல்ல. நீரில் நைட்ரஜன் குமிழவிட்டு ஆக்ஸிஜனை வெளியேற்றுவது, 1.2 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பது, முனைகளை அவ்வப்போது மாற்றி இணைப்பது ஆகியவை கைகொடுக்கும். பணம் இருந்தால் ஒரு வகை அயனியை மட்டும் விடும் அயனிப் பரிமாற்றச் சவ்வு போடுங்கள்: எதிர்முனைக்கு நேரயனிச் சவ்வு, நேர்முனைக்கு எதிரயனிச் சவ்வு. இடம் மாறினால் செல் உப்பே பிடிக்காது.