மைதானத்தில் அடிபட்ட பிள்ளை: வீடா, கட்டு போடுபவரா, கிளினிக்கா, ஆஸ்பத்திரியா?

பிள்ளை நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். "நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விட்டா போயிடும்" என்பார் பாட்டி. "காலைல பார்த்துக்கலாம், தூங்கட்டும்" என்பார் அப்பா. "புத்தூர் கட்டு போடுங்க, மூணு கட்டுல எழுந்து ஓடுவான்" என்பார் எதிர்வீட்டுக்காரர். அம்மா அதற்குள் ஆட்டோவுக்குச் சொல்லியிருப்பார். நான்குமே சில அடிகளுக்குச் சரிதான். எது எதற்குச் சரி, எங்கே கவிழ்க்கும் என்பதுதான் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோணல் இல்லாத, விரல்கள் சூடாக, உணர்ச்சியோடு இருக்கிற கை கால் அடியில் ஒரு ராத்திரி பொறுத்திருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. உள்ளே என்னவென்று தெரியாமல் இழுத்து, நீவி, இறுக்கிக் கட்டுவதுதான் கெடுக்கும்.

வளரும் எலும்பின் அமைப்பு அப்படி. நீள எலும்புகளின் நுனியருகே வளர்தகடு என்ற குருத்தெலும்பு அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். சிறு வயதில் மூட்டைப் பிணைக்கும் நார்கள் இந்தத் தகட்டைவிட வலுவாக இருக்கும். அதனால் பெரியவருக்குச் சுளுக்கோடு போகிற அதே பிரளல், பத்து வயதுப் பிள்ளைக்கு வளர்தகட்டு முறிவாக இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13-15 வயதிலும், பையன்களுக்கு 15-17 வயதிலும்தான் இந்தத் தகடுகளில் பெரும்பாலானவை மூடுகின்றன. கவனிக்காமல் விட்டால் அந்தக் கையோ காலோ கோணலாகவோ குட்டையாகவோ வளர வாய்ப்புண்டு.

யோசிக்கவே கூடாத அடிகள்

சில அடிகளுக்கு ஒப்பீடே கிடையாது. 108-ஐக் கூப்பிட வேண்டும், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்ப வேண்டும். தலையில் அடிபட்டு நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல். கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போனால் பிள்ளையை அசைக்கவே கூடாது, ஆம்புலன்ஸ் வரட்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, கை கால் கோணிப்போயிருந்தாலோ, அடிபட்ட இடத்துக்குக் கீழே விரல்கள் வெளுத்துக் குளிர்ந்திருந்தாலோ அதுவும் இந்த வகைதான்.

மூன்று அடிகளைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒன்று, சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது. வெளியே சின்னச் சிராய்ப்புதான் தெரியும், உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். வயிற்று வலி கூடினாலும், இடது தோள்பட்டை வலித்தாலும், சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் காத்திருக்க நேரமில்லை. இரண்டாவது, கிரிக்கெட் பந்து நெஞ்சில் பட்டு அப்படியே சரிந்து விழுவது. சரியான கணத்தில் பட்ட அடி, நல்ல இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். மூச்சில்லாமல் கிடந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். மூன்றாவது, விதைப்பை வலி. விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விதையே போய்விடலாம். பையன்கள் வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். விளையாடிவிட்டு வந்த பையன் அடிவயிற்று வலியோடு வாந்தியும் எடுத்தால், தனியே கூட்டிப்போய் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்வதா, சுளுக்கு வழிப்பவரிடம் போவதா?

வீட்டு வைத்தியம் சாதாரணமானது: ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிடம், இறுக்காத கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல். இந்த முறையை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனாலும் முதல் நாள் வலியைக் குறைக்க ஐஸ் உதவுகிறது; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், எடையைப் பார்த்து: ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் உள்கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். பாட்டியின் எண்ணெய்க்கு அதற்கப்புறம்தான் இடம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் உருவான கணுக்கால் விதிகள், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று பின்னர் கண்டார்கள். அடிபட்ட உடனேயும், பிறகு பார்க்கும்போதும், நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுற எலும்பு மேடுகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிப்பக்க நடுவிலும் உட்பக்க நடுவிலும் உள்ள எலும்பை அழுத்தினால்? நடக்க முடிந்து, எலும்பில் வலியில்லாமல், சதையில் மட்டும் வலித்தால் வீட்டில் இருக்கலாம். எலும்பில் தொட்டாலே துடித்தால் எக்ஸ்ரே வேண்டும். கைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றாலே கிளம்பிவிடுங்கள்.

இப்போது எதிர்த் தரப்பு. ஆந்திராவின் புத்தூர் கட்டுக்கு உள்ள பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவி, எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு அருகிலும் ஒரு போர்டு தொங்குகிறது. முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் தப்பை. செலவு குறைவு, வரிசை இல்லை, ஆபரேஷன் பயம் இல்லை. இதையெல்லாம் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அங்கே போனவர்களில் பலருக்கு உண்மையாகவே சரியாகிறது. ஆனால் ஏன் சரியாகிறது? சுளுக்கு தானாகவே ஆறும். பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் கூடும். மணிக்கட்டருகே லேசாக நசுங்கிய முறிவு மூன்று, நான்கு வாரத்தில் எந்தத் தப்பையிலும் கூடிவிடும். சிறிது வளைந்து கூடினாலும் வளரும்போது எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கும்போது முழங்கை நழுவுவது உண்டு. தெரிந்தவர் ஒரு திருப்புத் திருப்பினால் 'கிளிக்' என்று உட்கார்ந்து, அழுத குழந்தை சில நிமிடத்தில் பிஸ்கட்டுக்குக் கை நீட்டும். ஊர் முழுக்கப் பேர் பரவ இது போதாதா?

சிக்கல், அடுத்த குழந்தையிடம். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளை ஊன்றிய கையோடு விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணம். அந்த இடத்தை ஒட்டித்தான் முன்கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. வீங்கிக்கொண்டிருக்கும் கையை இழுத்து, மூங்கில் வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை சுருங்கி விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த நிலை இது. கை அழுகி எடுக்கப்பட்ட சம்பவங்களும் இந்திய மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நழுவிய முழங்கையும் முறிந்த முழங்கையும் சில சமயம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியலாம், கட்டு போடுபவரின் விரல்களுக்கும்கூட.

எனவே வீடா, கட்டா என்றால் வீடுதான். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு இடம் மாறவில்லை என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகு, குடும்பத்துக்குப் புத்தூர் கட்டில்தான் நிம்மதி என்றால் நான் வாதாட மாட்டேன். அதற்கு முன்னால் என்றால் வாதாடுவேன். ஏற்கனவே கட்டு போட்டாகிவிட்டதா? விரல்களைப் பிடித்து மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். அலறினாலோ, விரல் நீலமாகியிருந்தாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கட்டை அங்கேயே வெட்டி எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். அதை வீட்டில் வெட்ட முடியாது என்பதால் நடுராத்திரியானாலும் போட்ட இடத்துக்கே ஓட வேண்டும்.

தெருமுனை கிளினிக்கா, எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரியா?

சிராய்ப்பு, வெட்டுக்காயம், தடுப்பூசி இவற்றுக்குக் கிளினிக் போதும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம், டாக்டர் முதலில் அதைத்தான் கழுவ வேண்டியிருக்கும். மண்ணில் விழுந்த காயம் என்றால், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார். 10 வயதிலும் 16 வயதிலும் போடுவதைக் குறித்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

எலும்பு என்று சந்தேகம் வந்தால் கிளினிக் ஒரு வீண் நிறுத்தம். வலி ஊசி ஒன்று போட்டு, "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள். ஊசியால் வலி அடங்கியதும் "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குத் திரும்பிவிடும் குடும்பங்கள் உண்டு. நேரே எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் உள்ள இடத்துக்குப் போங்கள். போகிற வழியில் ஜூஸ், பன், டீ எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். எலும்பை மயக்க மருந்து கொடுத்துத்தான் நேராக்க வேண்டும் என்றால் திட உணவுக்குப் பிறகு ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அழுத பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஒரு பன், சிகிச்சையை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் வளர்தகட்டு முறிவு சில சமயம் படத்தில் தெரியாது. அந்த இடத்தில் வலி இருந்தால் தப்பை வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி பார்ப்பதுதான் முறை. "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, எதுக்கு மறுபடி?" என்று அந்த இரண்டாவது பார்வையைத் தவிர்ப்பது பெரிய தவறு.

தலையடியில் நிலைமை தலைகீழ். இங்கே பெற்றோர் ஸ்கேன் கேட்டு அடம்பிடிக்கிறார்கள், சில இடங்களில் கேட்காமலே எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வு, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை என்று காட்டியது. சில மணி நேரம் கண்காணித்தாலே போதும். கதிர்வீச்சும் மிச்சம், பணமும் மிச்சம்.

அரசு மருத்துவமனையா, தனியாரா? பகல் நேரச் சாதாரண முறிவுக்கு உங்கள் வசதிப்படி. ராத்திரி பத்து மணிக்குக் கோணிய கையோடு நிற்கும்போது நான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்வேன். கூட்டம் இருக்கும், ஸ்ட்ரெச்சரை நாமே தள்ள வேண்டியிருக்கும், ஆனால் எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர் மூன்றும் ஒரே கூரைக்குள் இருக்கும். தனியார் என்றால் கிளம்பும் முன்பே போனில் கேளுங்கள்: "எலும்பு டாக்டர் இப்ப இருக்காரா? மயக்க டாக்டர் வருவாரா? சின்னப் பிள்ளைக்குச் செய்வீங்களா?" 'காலையில வருவார்' என்ற பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பல்லுக்கு ஆஸ்பத்திரியைவிடப் பல் மருத்துவர்தான் மேல். விழுந்தது நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் அவரிடம் சேர்த்துவிடுங்கள். பால் பல்லைத் திரும்ப வைப்பதில்லை.

"காலையில் பார்த்துக்கலாம்" தோற்கும் இடம்

பொறுத்திருப்பதற்கு ஆதரவாகப் பேசிவிட்டேன், அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். விளையாடுகிற பிள்ளை தினமும் எங்காவது விழுகிறது. அதனால் எந்த வலிக்கும் ஒரு விழுந்த கதை தயாராக இருக்கும். கால் வலியோடு காய்ச்சல் வந்தால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும். ராத்திரி தூக்கத்தை எழுப்பும் வலியும், ஒரு வாரம் தாண்டிய நொண்டலும் விளையாட்டு அடி என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. பத்து முதல் பதினாறு வயதில், கொஞ்சம் உடல் பருத்த பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொடை எலும்பின் தலை வளர்தகட்டில் நழுவுவதுண்டு, வலி மட்டும் முழங்காலில் தெரியும். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக வர, இடுப்பு வாரக்கணக்கில் நழுவிக்கொண்டிருக்கும்.

தலையடி பட்டு, ஸ்கேனும் தேவையில்லை என்று வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு லேசான மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொல்லியிருந்தால், அன்று மீண்டும் மைதானம் கிடையாது. முதல் 24-48 மணி நேரம் அளவான ஓய்வு. பிறகு நடை, மெதுவான ஓட்டம், தனியாகப் பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு. மோதல் உள்ள ஆட்டத்துக்குத் திரும்புவதற்கு டாக்டரின் சம்மதம் வேண்டும். இதை பி.டி. வாத்தியாரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் மேட்ச் நாளன்று மறந்துவிடும், டாக்டரின் சீட்டை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.