ஜாங்கோ ஃபார்மில் பிழைச் செய்தி காட்டுவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் வார இறுதித் தமிழ் வகுப்புக்கான சேர்க்கைப் படிவத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஓடுகிறது. பெற்றோரும், பல நேரம் தாத்தா பாட்டியும், கைப்பேசியில்தான் நிரப்புகிறார்கள். அதனால் பிழைச் செய்தி அந்தந்தக் கட்டத்தை ஒட்டியே வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பக்கத்தின் உச்சியில் மொத்தமாகக் குவித்தால் சின்னத் திரையில் யார் மேலும் கீழும் உருட்டித் தேடுவார்கள்?

படிவம் முழுவதையும் ஒரே கட்டளையில் வரைந்துதரும் ஆஸ்_பி (as_p) போட்டால் பிழைகள் தானாக வந்துவிடும், ஆனால் கட்டத்துக்கு மேலே வரும். கீழே வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டை, அதாவது பக்கத்தின் HTML வார்ப்பை, கையால் எழுத வேண்டும். சிக்கலும் அங்கேதான். எங்கள் படிவத்தில் மாணவருக்கு 18 வயது ஆகவில்லையென்றால் பெற்றோரின் தொலைபேசி எண் கட்டாயம். இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை என்பதால் அது படிவம் முழுவதையும் சேர்த்துச் சோதிக்கும் க்ளீன் (clean) மெத்தடில் இருக்கிறது. அங்கே வெறுமனே வேலிடேஷன்எரர் (ValidationError) என்ற பிழையை எழுப்பினால் அது எந்தக் கட்டத்துக்கும் சேராமல் நான்_ஃபீல்டு_எரர்ஸ் (non_field_errors) என்ற பொதுப் பட்டியலில் போய் விழும், டெம்ப்ளேட்டில் அதைக் காட்ட ஒரு வரி இல்லையென்றால் பட்டனை அழுத்தியதும் அதே பக்கம் அப்படியே திரும்பி வரும், ஏன் என்று ஒரு வார்த்தை இருக்காது. நிரப்பியவர் பாவம், மறுபடி மறுபடி அழுத்துவார். அதற்குப் பதில் ஆட்_எரர் (add_error) எழுதி அந்தத் தொலைபேசிக் கட்டத்தின் பெயரைக் கொடுத்தால் செய்தி சரியாக அதன் கீழேயே நிற்கும். திரையில் தெரியாத ஹிடன் கட்டங்களின் பிழைக்கும் தனியாக ஒரு வரி வைத்துவிடுங்கள்.

அப்புறம் செய்தியின் வாசகம். படிவத்தில் கேட்கும் தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம்; முதல் ஆறு பிறந்த தேதி, கடைசி இலக்கம் லூன் (Luhn) முறைப்படி, அதாவது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும், சரிபார்ப்பு இலக்கம். 'தவறான எண்' என்று மட்டும் சொன்னால் பாட்டி என்ன செய்வார்? '13 இலக்கம் வேண்டும், நீங்கள் கொடுத்தது 12' என்று ஒரு செய்தி, எண்ணிக்கை சரியாக இருந்து லூன் சோதனையில் விழுந்தால் 'ஏதோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, அட்டையைப் பார்த்து மறுபடி இடுங்கள்' என்று இன்னொன்று. இப்படிப் பிரித்து வைத்ததிலிருந்து உதவி கேட்டு வரும் அழைப்புகள் நன்றாகக் குறைந்தன.

பிரௌசர் தானாகக் காட்டும் எச்சரிக்கைக் குமிழை ஃபார்மில் நோவேலிடேட் (novalidate) என்ற குறிப்பைப் போட்டு நிறுத்திவிட்டேன். அது பிரௌசரின் மொழியில் பேசுகிறது, ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் சொல்கிறது.

2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0 பதிப்பு உண்மையிலேயே உதவியது. பிழையுள்ள கட்டத்துக்கு 'இங்கே பிழை' என்று உணர்த்தும் ஏரியா-இன்வேலிட் (aria-invalid) குறிப்பு தானாகச் சேர்கிறது, திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரிய விஷயம். ஒரு கட்டத்தை அதன் துணைப் பகுதிகளோடு சேர்த்து வரையும் ஆஸ்_ஃபீல்டு_குரூப் (as_field_group) இருப்பதால் லேபிள், உதவிக்குறிப்பு, பிழை மூன்றின் அமைப்பையும் ஒரே டெம்ப்ளேட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் உறுத்துவது கோப்புப் பதிவேற்றம்தான். வேறு எங்கோ ஒரு பிழை வந்தாலும் தேர்ந்தெடுத்த பிறப்புச் சான்றிதழ் படம் போய்விடும், மற்ற கட்டங்கள் மட்டும் நிரம்பியபடி இருக்கும். பிரௌசரின் பாதுகாப்பு விதி அது, மாற்ற முடியாது. அதனால் பிழையோடு திரும்பும்போதெல்லாம் அந்தக் கட்டத்தின் கீழே 'படத்தை மறுபடி தேர்ந்தெடுக்கவும்' என்று காட்டுகிறேன்.